குழுவாக உட்கார வைத்தால் போதுமா? வகுப்பறைக் குழுச் செயல்பாடும் சாதியும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ வரலாறோ பேசுவதுதான் வழக்கம். இம்முறை வகுப்பறையைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தோம். அதிலும் ஒரு சிறிய நிகழ்வைப் பற்றி. "நாலு நாலு பேராச் சேர்ந்து உட்காருங்க" என்று ஆசிரியர் சொல்கிறார். பிள்ளைகள் உட்காருகிறார்கள். அதன் பிறகு அந்த நால்வருக்குள் என்ன நடக்கிறது? நம் பிள்ளைகள் பள்ளியில் இருந்து நின்றுவிடுவதற்கும், கல்லூரியில் மூன்றாண்டு வாய் திறக்காமலேயே பட்டம் வாங்கி வெளியே வருவதற்கும் இந்தக் கேள்வியோடு தொடர்பு உண்டு என்று நாங்கள் கருதுகிறோம்.

சேர்ந்து கற்பது நல்லது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஒருவருக்கொருவர் விளக்கும்போது சொல்கிறவருக்கும் தெளிவு வருகிறது, கேட்கிறவருக்கும் வருகிறது. ஆசிரியரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிடலாம். தமிழ்நாடு இதை வெறும் பேச்சோடு விட்ட மாநிலமும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான அட்டை முறையை ஒட்டியது அது. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தார்கள், ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்தார். அரசுப் பள்ளியில் ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கியதே பெரிய மாற்றம்தான்.

ஆனால் வட்டமாக உட்கார்ந்துவிட்டாலே எல்லோரும் சமம் ஆகிவிடுவதில்லை. அண்ணல் அம்பேத்கரின் பள்ளிப் பருவத்தில் இருந்து இரண்டு செய்திகளை நாம் அறிவோம். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: வீட்டில் இருந்து கொண்டுபோன கோணிச் சாக்கில் அவர் தனியாக உட்கார்ந்தது. இன்னொன்று தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைக்கிறார். உடனே சாதி இந்து மாணவர்கள் எழுந்து ஓடுகிறார்கள். கரும்பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் இருக்கின்றன. அவர் பலகையைத் தொடும் முன் டப்பாக்களை அப்புறப்படுத்த வேண்டும்.

கோணிச் சாக்கு இன்று பெரும்பாலும் போய்விட்டது. கரும்பலகைக் கதை போகவில்லை. அன்று பிரச்சினை அவர் எங்கே உட்கார்ந்தார் என்பதோடு நிற்கவில்லை. அறிவு புழங்கும் பொருளை அவர் கை தொடலாமா என்பது வரை போனது. குழுவில் அந்தப் பொருள் ஒரு சார்ட் தாளும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும். பேனா யார் கையில் இருக்கிறது, தாள் யாரைப் பார்த்து விரிந்திருக்கிறது, மற்றவர்கள் நேராகப் படிக்கிறார்களா தலைகீழாகப் படிக்கிறார்களா என்று ஒரு பத்து நிமிடம் பாருங்கள். ஒருவர் ஒரு விடை சொல்கிறார், யாரும் நிமிரவில்லை. இரண்டு நிமிடம் கழித்து அதே விடையை இன்னொருவர் சொல்கிறார், எழுதிக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் சாதி சொல்லித் திட்டவில்லை. புகார் கொடுக்க ஒரு சொல்கூடக் கிடைக்காது. ஆனாலும் ஊரும் சேரியும் அந்தப் பாய்க்குள் வந்துவிட்டன.

இதை ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சமூகவியலாளர் எலிசபெத் கோஹன். கறுப்பினச் சிறுவர்கள் இருவர், வெள்ளையினச் சிறுவர்கள் இருவர் கொண்ட குழுக்களுக்கு ஒரு விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார். சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விளையாட்டு. அதற்கும் பள்ளிப் படிப்புக்கும் சம்பந்தமில்லை. ஒருவருக்கு மற்றவரைவிட அதில் திறமை இருக்கவும் காரணமில்லை. ஆனால் வெள்ளையினச் சிறுவர்களே அதிகம் பேசினார்கள், அவர்கள் சொன்னதே முடிவானது. வெளியே சமூகம் கொடுத்த தகுதி சம்பந்தமே இல்லாத வேலைக்குள்ளும் திறமையாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

அடுத்து அவர் செய்தது நமக்கு இன்னும் முக்கியம். 1972இல் சூசன் ரோப்பருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அது. கறுப்பினச் சிறுவர்களுக்குச் சிறிய ரேடியோ ஒன்றைக் கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் நன்றாகவே கற்றார்கள், தன்னம்பிக்கையும் வந்தது. பிறகு கலப்புக் குழுவில் உட்கார வைத்தால், பழைய கதையே நடந்தது. அவர்கள் தாங்கள் கற்றதை வெள்ளையினச் சிறுவர்களுக்கு ஆசிரியராக நின்று கற்றுக்கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. மாற வேண்டியிருந்தது ஒடுக்கப்பட்டவர் தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம் மட்டுமல்ல. ஆதிக்கத்தில் இருப்பவர் அவரைப் பற்றி வைத்திருந்த எண்ணமும் மாற வேண்டியிருந்தது.

நம் பிள்ளைகளுக்காக நடக்கும் ஆளுமைப் பயிற்சி முகாம்கள், தன்னம்பிக்கை வகுப்புகள் எல்லாவற்றையும் இந்த ஆய்வை வைத்து ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். "நீ கூச்சப்படாமப் பேசணும்மா" என்று நம் பிள்ளைக்கு மட்டும் சொல்கிறோம். "நீ கொஞ்சம் வாயை மூடிக் கேள் தம்பி" என்று மற்ற பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

குழுவில் அதிகம் பேசுகிறவர் அதிகம் கற்கிறார் என்பதும் கோஹனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வகுப்பறைகளில் கண்டது. பேச்சு ஒருவருக்கே குவிந்தால் கல்வியும் அவருக்கே குவிகிறது. மற்றவர் அங்கே உட்கார்ந்திருந்தார் என்பதைத் தவிர அவருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

அப்படியானால் என்ன செய்வது? தொடக்கம் கொடுக்கும் வேலையில் இருக்கிறது. "பாடத்தின் கடைசியில் இருக்கும் பத்துக் கேள்விகளுக்குக் குழுவாக விடை எழுதுங்கள்" என்பது குழு வேலையே இல்லை. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை தனியாகப் பத்து நிமிடத்தில் முடித்துவிடும். மற்ற மூவரும் காத்திருப்பார்கள் அல்லது பார்த்து எழுதுவார்கள். ஒருவரால் தனியாக முடிக்க முடியாத, ஒரே வகைத் திறமையால் முடிக்க முடியாத வேலையாக இருக்க வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டுச் சொல்கிறோம். எட்டாம் வகுப்பு. நம் பள்ளிக் கூரையில் ஒரு மழைக்கு எவ்வளவு தண்ணீர் விழுகிறது, அதைப் பிடித்து வைக்க எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? அளவு நாடா ஒன்றுதான் கையில். கூரையின் மேல் ஏறக்கூடாது. கீழே நின்று எப்படி அளப்பது என்று யோசிக்க வேண்டும், படம் வரைய வேண்டும், கணக்குப் போட வேண்டும், மற்ற குழுவுக்கு விளக்க வேண்டும். ஓட்டுக் கூரை சரிவாக இருக்கிறது. சரிவின் நீளத்தை எடுப்பதா, தரையில் கூரை மறைக்கும் இடத்தை எடுப்பதா? இங்கேதான் சண்டை வரும், வரவும் வேண்டும். நேராக விழும் மழைக்குத் தரையில் மறைக்கும் இடம்தான் கணக்கு. அது 200 சதுர மீட்டர் என்றால், 5 சென்டிமீட்டர் மழைக்கு 10,000 லிட்டர். இந்த எண் வந்த பிறகும் வேலை முடியவில்லை. வழியில் வீணாவது எவ்வளவு, தொட்டியை எங்கே வைப்பது, யார் எங்கே குடிப்பது? பத்துக் கேள்விக்கு விடை எழுதும் பிள்ளை இங்கே தனியாக ஜெயிக்க முடியாது.

வேலையைக் கொடுக்கும் முன் ஆசிரியர் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்கிறார் கோஹன். இந்த வேலைக்கு இன்னின்ன திறமைகள் வேண்டும், அவை எல்லாம் ஒருவரிடம் இருக்காது, ஒன்றுமே இல்லாதவரும் இங்கே கிடையாது. அதன் பிறகு ஆசிரியர் சுற்றி வந்து கவனிக்க வேண்டும். பேச்சு எடுபடாத பிள்ளை ஏதாவது ஒரு நேரத்தில் பொருள் உள்ள ஒன்றைச் சொல்லும், செய்யும். அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். "சரிவை விட்டுட்டுத் தரையில மறைக்கிற இடத்தை அளக்கணும்னு இவதான் சொன்னா. ஏன்னும் சொன்னா. உங்க கணக்கு அதுலதான் நிக்குது. மேல சந்தேகம் வந்தா அவகிட்ட கேளுங்க." எல்லோர் காதிலும் விழும்படி, எது என்று குறிப்பிட்டு, உண்மையாக நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். சும்மா "சூப்பர்" என்பதும் கைதட்டச் சொல்வதும் எதிர்ப் பயனையே தரும். எது பாராட்டு, எது பரிதாபம் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ரேடியோ ஆய்வு சொன்னது இங்கேதான் வகுப்பறை நடைமுறை ஆகிறது: அந்தப் பெண்ணின் காதில் விழுவதைப் போலவே மற்ற மூவர் காதிலும் அது விழ வேண்டும்.

இந்த இடத்தில் நம் மண்ணுக்கென்று ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு திறமை என்பதை நம் ஊர் எப்படிப் புரிந்துகொள்ளும்? சேரிப் பிள்ளைக்குப் பறை அடிக்க வரும், அவனை மேடையில் ஆட விடு. தச்சர் வீட்டுப் பிள்ளை பலகை அறுக்கட்டும். 'இங்கிலீஷ் நல்லா வரும்' பிள்ளை எழுதிப் பேசட்டும். இது 1953இல் ராஜாஜி கொண்டுவந்து, எதிர்ப்பால் 1954இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்ட குலக்கல்வித் திட்டம் குழுச் செயல்பாடு என்ற பெயரில் பின்கதவால் வருவது. நம் பிள்ளைகளின் திறமையைத் தேட வேண்டிய இடம் அவர்கள் அப்பாவின் தொழில் அல்ல. அன்றைய பாடத்தின் மையத்தில், கணக்கிலும் தர்க்கத்திலும் மொழியிலும் தேட வேண்டும். பறை நம் கலை, அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் கூரை மழைக் கணக்கு நடக்கும்போது நம் பிள்ளைக்குக் கணக்குத் தெரியும் என்றுதான் ஆசிரியர் சொல்ல வேண்டும்.

பொறுப்புகளைப் பிரிப்பதிலும் இதே ஆபத்து. ஒருங்கிணைப்பவர், எழுதுபவர், எல்லோருக்கும் புரிந்ததா என்று கேட்பவர், பொருள்களுக்குப் பொறுப்பானவர், வகுப்புக்கு எடுத்துச் சொல்பவர் என்று பிரிப்பது நல்ல முறைதான். ஆனால் பிள்ளைகளே பிரித்துக்கொண்டால் 'பொருள் பொறுப்பு' என்பது தண்ணீர் கொண்டுவருவதும் காகிதத் துண்டு பொறுக்குவதுமாக ஆகும், யாருக்குப் போகும் என்றும் சொல்லத் தேவையில்லை. ஓம்பிரகாஷ் வால்மீகியை வகுப்பில் உட்கார விடாமல் பள்ளியைப் பெருக்க வைத்ததை 'ஜூட்டன்' படித்தவர்கள் மறந்திருக்க முடியாது. எனவே பொறுப்பு வாரந்தோறும் சுழல வேண்டும். சுழற்சிப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். ஆசிரியர் நினைவில் இருக்கும் பட்டியலை நாங்கள் நம்புவதில்லை.

இனி, யார் யாரோடு உட்காருவது? 'பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்' என்றால் தெரு தெருவாகத்தான் சேர்வார்கள். இது சாதாரணச் செய்தி இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டார்கள்; வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த மாணவர்கள். அதன் பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கைக்கயிறும் நெற்றி அடையாளமும் கூடாது என்ற பரிந்துரைதான் அதில் அதிகம் பேசப்பட்டது. மாணவர்கள் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் இருக்கிறது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. குழுவுக்கும் அதையே தொடக்கமாகக் கொள்ளலாம், சீட்டுக் குலுக்கியும் பிரிக்கலாம். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிவதே அதன் பலம். ஆசிரியர் ஒன்று மட்டும் மனதுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும்: நான்கு பேரில் நம் பிள்ளை, அதுவும் பெண் பிள்ளை, தனி ஒருத்தியாகச் சிக்கிக்கொள்ளக் கூடாது. அதைச் சரிசெய்யும்போது காரணத்தை வாய் விட்டுச் சொல்லவும் கூடாது.

ஏன் சொல்லக் கூடாது? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். உயர்சாதி என்று சொல்லப்படுவோர் பாதி, தலித் சிறுவர்கள் பாதி. யார் என்ன சாதி என்று அறிவிக்காதபோது இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவில் புதிர்களை விடுவித்தார்கள். கலந்து உட்கார்ந்திருந்த குழுவில் ஒவ்வொருவரின் பெயரோடு சாதியையும் வாசித்தபோது தலித் சிறுவர்கள் விடுவித்த எண்ணிக்கை குறைந்தது. அதே பிள்ளைகள், அதே வகைப் புதிர்கள். நடுவில் நடந்தது ஓர் அறிவிப்பு. இதைப் படித்துவிட்டு, 'ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு, எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்து நில்லுங்க' என்று வகுப்பு நடுவே ஒலிக்கும் குரலை நினைத்துப் பாருங்கள். அடுத்த பாடவேளை கணக்குத் தேர்வாக இருந்தால் என்ன ஆகும்?

வேறு வகை அறிவிப்புகளும் உண்டு. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் விட்டுப்போன எழுத்தையும் எண்ணையும் பிடிக்க அப்படிப் பிரிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் எது மேல், எது கீழ் என்று பிள்ளைகள் விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள். நிலைவாரிக் குழு அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இருக்கட்டும். நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் அதே குழு என்றால் அது இன்னொரு தெரு.

கல்லூரி மாணவர்கள் இதைப் பள்ளிக்கூட விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். அங்கே சாதியைக் கேட்பதில்லை, 'கட்-ஆஃப் எவ்வளவு', 'ரேங்க் என்ன' என்று கேட்கிறார்கள். இறுதியாண்டு புராஜெக்ட் குழு விடுதி அறைப் பழக்கத்தில் சேர்கிறது. எந்தக் குழுவும் கூப்பிடாதவர்களை எல்லாம் சேர்த்துக் கடைசியில் ஒரு குழுவாக்குகிறார்கள், அது யாருடைய குழு என்று துறை முழுவதற்கும் தெரியும். கலப்புக் குழுவில் இடம் கிடைத்தவருக்கோ பிரின்ட் எடுப்பதும் பைண்டிங் கொடுப்பதும் வேலை. மேடையில் நின்று ஆங்கிலத்தில் பேசுபவர் வேறு ஒருவர். வளாக நேர்முகத்தில் 'இந்த புராஜெக்டில் நீ என்ன செய்தாய்' என்ற கேள்வி வரும்போது இந்த வேலைப் பிரிவினைக்கு விலை கொடுப்பவர் நம் மாணவர்.

மதிப்பெண் விஷயத்தில் எங்கள் கருத்து கறாரானது. குழுவுக்கு மொத்தமாக ஒரு மதிப்பெண் போடுவது நியாயமில்லை. யாரைப் பேச விடவில்லையோ அவரால் மதிப்பெண் குறைந்தது என்று மற்றவர்கள் சொல்லவே அது வழி செய்யும். குழுவில் கற்கட்டும், மதிப்பெண்ணைத் தனித்தனியாகக் கேள்வி கேட்டுப் போடட்டும். யார் எழுந்து விளக்க வேண்டும் என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்தால், எல்லோருக்கும் புரிய வைப்பது குழுவின் வேலையாகவே ஆகிவிடும். குழு உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் முறை இப்போது பல கல்லூரிகளில் வந்திருக்கிறது. ஜனநாயகமாகத் தெரிகிறது. ஆனால் சாதி உள்ள இடத்தில் ரகசிய மதிப்பெண் என்பது ரகசியத் தீண்டாமைக்குக் கொடுக்கும் படிவம். யார் என்ன செய்தார் என்று ஒவ்வொருவரும் தன் பங்கைத் தானே எழுதி, ஆசிரியர் அதை வைத்துக் கேள்வி கேட்பது அதைவிட மேல்.

ஆசிரியருக்கு நேரமில்லை, நாற்பது ஐம்பது பிள்ளைகள் என்பது உண்மையான கஷ்டம்தான். தினமும் எல்லாப் பாடத்துக்கும் குழு வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒன்று, நன்றாக யோசித்த ஒன்று போதும். மோசமாக நடக்கும் ஐந்து குழு வகுப்புகளைவிட, ஆசிரியர் கரும்பலகையில் நன்றாக நடத்தும் பாடம் நம் பிள்ளைகளுக்கு நல்லது என்றுகூடச் சொல்வோம்.

மாலை நேர மையங்கள் நடத்தும் தோழர்களும், பயிற்சிக்குப் பள்ளிகளுக்குப் போகும் பி.எட். மாணவர்களும் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு துண்டுத் தாளில் குழுவில் உள்ள நால்வர் பெயரை எழுதுங்கள். பத்து நிமிடம் ஓரமாக நின்று, ஒருவர் ஒருமுறை பேசினால் ஒரு கோடு போடுங்கள். அவர் சொன்னதை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி. நாற்பது கோட்டில் ஒரு பிள்ளைக்கு மூன்று, அதிலும் புள்ளி ஒன்றுகூட இல்லை என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் பேசலாம். 'உங்க வகுப்புல சாதி இருக்கு சார்' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். 'இந்தப் பிள்ளை மூணு தடவைதான் பேசியிருக்கு, அடுத்த வாரம் என்ன செய்யலாம் சார்' என்றால் பேச்சு தொடரும். அடுத்த வாரமும் அதே குழுவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஓர் இடம் சட்டப்படி இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு விகிதாசாரப்படி இடம் தர வேண்டும். நம் அம்மாக்கள் பலர் அதில் உறுப்பினர். கட்டடம், கழிவறை, சத்துணவு பற்றி அங்கே கேட்கிறார்கள். வகுப்புக்குள் நடப்பதைக் கேட்பது தங்கள் வேலை இல்லை என்று நினைக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு மூன்று கேள்விகளோடு போகலாம். எங்க பிள்ளைகளை எப்படிக் குழுவாப் பிரிக்கிறீங்க? இந்த வாரம் எழுதுறது யாரு, எடுத்துச் சொல்றது யாரு, பட்டியலைக் காட்டுங்க. ஸ்காலர்ஷிப் விவரத்தை வகுப்புல வெச்சுச் சொல்றீங்களா, தனியாக் கூப்பிட்டுச் சொல்றீங்களா? இந்தக் கேள்விகளும் வந்த பதில்களும் கூட்டக் குறிப்பேட்டில் ஏற வேண்டும். எழுதி முடித்ததும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.